டிங் வந்தது, டாங் வரவில்லை

தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமிக்குக் கூடுகிற கூட்டத்தில் பாதி தண்டாயுதபாணியைப் பார்க்க வரும், மீதி கடைகளைப் பார்க்க வரும். நான் எப்போதும் இரண்டாவது கட்சி. 2000ஆம் ஆண்டுத் திருவிழாவில் என் தோளில் தங்கச்சி மகன் உட்கார்ந்திருந்தான். மூன்று வயது, நடை வரவில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் கீழே பெரியவர்களின் கால்களுக்கிடையில் புகுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஒரு சின்னப் பெண்ணின் காலணி, அடி வைக்கும்போதெல்லாம் கீச் கீச் என்றது. குதிகாலுக்குள் குட்டி விசில் வைத்த காலணி. அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தோளில் இருந்தவன் அந்தச் சத்தம் போன பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கடைசியில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே கையைக் காட்டினான்.

வாங்கிவிட்டேன். அன்றிரவே மாட்டிவிட்டு, கக்கத்தில் கை கொடுத்து நிற்க வைத்தேன். சத்தம் இல்லை. பத்தடி நடத்திப் பார்த்தோம், அப்போதும் இல்லை. திருவிழாச் சாமான், கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டான் என்று கழற்றிக் கையால் அமுக்கினால், கீச். மறுபடி காலில் மாட்டினால் ஊமை. கீழே படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். பரணில் இருக்கிற டப்பாவை எட்டி எடுப்பவனைப் போல நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தான். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் என் இரண்டு விரல் நுழைந்தது. மூன்று வருஷமாகக் குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, தூக்கித் திரிந்த கால்தான் அது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. பெருமூளை வாதம், இரண்டு கால்களிலும் இறுக்கம் என்று வெளியூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கோளாறு காலில் இல்லை, மூளைக்குள் கால்களுக்குச் செய்தி போகிற பாதையில். குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த இடம்தான் முதலில் அடிபடும். 'இறுக்கு' என்கிற செய்தி போய்ச் சேர்கிறது, 'தளர்த்து' என்கிற செய்தி போவதில்லை. கெண்டைக்கால் தசை எந்நேரமும் வில்லை நாண் இழுப்பது போலக் குதிகாலை மேலே இழுத்துக்கொண்டிருக்கும். இதெல்லாம் எங்களுக்கு மலாயில் சொல்லப்பட்டு, தங்கச்சி பாதி புரிந்துகொண்டு, அதில் பாதியை எனக்குச் சொன்னது.

மாதம் ஒருமுறை பஸ் பிடித்துப் போனால் இருபது நிமிடம் பயிற்சி கொடுப்பார்கள். மீதி இருபத்தொன்பது நாளுக்கு ஒரு தாள். நகலெடுத்து நகலெடுத்து மங்கிப்போன தாளில் குச்சி மனிதர்கள் காலை நீட்டிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் பத்து முறை, மூன்று தடவை என்று எழுதியிருக்கும். தங்கச்சி தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வந்து, சோறாக்கி, அப்புறம் அந்தத் தாளை எடுப்பாள். ஒன்று என்பதற்குள் அவன் அலற ஆரம்பிப்பான், நான்கு என்பதற்குள் அவளும் அழுவாள்.

நம் நாட்டில் பிடிகே என்கிற சமூகப் புனர்வாழ்வுத் திட்டம் 1984-ல் திரங்கானுவின் பத்து ராகிட்டில் தொடங்கியது. வீட்டிலும் வீட்டுக்குப் பக்கத்திலும் பயிற்சி நடக்க வேண்டும், பெற்றவர்களும் ஊராரும் அதில் கைகோக்க வேண்டும் என்பது அதன் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் வீட்டில் பயிற்சி கொடுக்கிறவள் பெற்ற தாய். தினமும் சாயங்காலம் வலியைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவளாகப் பிள்ளை அவளைப் பார்க்க ஆரம்பித்தால் என்ன செய்வது என்பதற்கு எந்தத் தாளிலும் படம் இல்லை.

எனக்கு அப்போது பாசார் பக்கம் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை. அந்த விசில் காலணி ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கொடுத்த ஸ்ப்ளிண்ட்டுக்கு மேல் ஏறவில்லை. அதனால் விசிலை விட்டுவிட்டு சுவிட்ச் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். பிஸ்கட் டின் மூடியில் இரண்டு தகடு வெட்டி, நடுவில் பழைய ஜப்பான் சிலிப்பரில் இருந்து ஒரு சில் அறுத்து, அதில் ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை போட்டேன். மிதித்தால் ஓட்டை வழியாகத் தகடும் தகடும் முத்தமிட்டுக்கொள்ளும், காலை எடுத்தால் சிலிப்பர் ரப்பர் பிரித்துவிடும். ஓரத்தைச் சுற்றி டேப். அதிலிருந்து இரண்டு வயர். மறுமுனையில் மாட்ட கடையில் கிடந்தது ஒரு வாசல் மணி.

அந்த மணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இப்போது வருகிற, பாட்டுப் பாடுகிற மணி இல்லை. உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதற்குள் ஒரு இரும்புக் குச்சி, இரண்டு பக்கமும் இரண்டு உலோகப் பட்டை. பொத்தானை அமுக்கினால் சுருள் காந்தமாகிக் குச்சியை இழுக்கும், குச்சி ஒரு பட்டையில் அடிக்கும். டிங். பொத்தானை விட்டால் ஸ்பிரிங் குச்சியைத் திருப்பித் தள்ளும், அது மற்ற பட்டையில் அடிக்கும். டாங். நாம் சட்டென்று அமுக்கி விடுவதால் டிங்டாங் என்று ஒரே சொல்லாகக் கேட்கிறது. உண்மையில் அது இரண்டு சொல்.

தகட்டை வலது குதிகாலுக்கு நேராக ஒட்டி, மேசையைப் பிடித்து நிற்க வைத்தேன். சும்மா நின்றான். ஒன்றுமில்லை. மேசைமேல் கைக்கு எட்டாத தூரத்தில் வாழைப்பழத்தை வைத்தேன். எட்டுவதற்காக உடம்பை வலப்பக்கம் சாய்த்தான், பாரம் இறங்கியது, குதிகால் ஒரு கணம் தரையைத் தொட்டது.

டிங்.

சுற்றுமுற்றும் பார்த்தான். வாசலைப் பார்த்தான். கால் மேலேறியது, டாங். இப்போது காலைப் பார்த்தான்.

அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. பழத்தை மறந்துவிட்டான். முதலில் வேகமாக டிங்டாங் டிங்டாங் என்று அடித்தான். பிறகு அவனே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தான். குதிகாலை இறக்கி டிங் வரவழைப்பான். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி எங்கள் எல்லோரையும் பார்ப்பான். டாங் எப்போது வரும் என்று நாங்கள் காத்திருக்க வேண்டும். அவன் அனுப்பினால்தான் வரும். காத்திருந்து காத்திருந்து தங்கச்சி "விடுடா" என்பாள். கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு காலைத் தூக்குவான். டாங். குச்சி மனிதன் படத்துக்குக் கீழே 'குதிகாலை ஊன்றி ஐந்து எண்ணும் வரை நிற்கவும்' என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் கெஞ்சியும் ஒன்றைத் தாண்டாதவன் டாங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு எட்டு, ஒன்பது என்று நின்றான். இதை நான் திட்டம் போட்டுச் செய்ததாகச் சொன்னால் பொய். கடையில் அன்றைக்கு வேறு மணி கிடந்திருந்தால் இந்த விளையாட்டே பிறந்திருக்காது.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். பெரட்டுக்கு விடிகாலையில் இரும்பைத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு அப்பா எழுந்திருப்பார், வாளியைத் தூக்குவார், கித்தா மரத்துக்குப் போவார். சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் அசைவான். என் மருமகனுக்கு இது தலைகீழாக இருந்தது. அவன் அசைந்தான், சத்தம் பின்னால் வந்தது. அவன் காலுக்கு இந்த உலகத்தில் முதன்முதலாக ஒன்று பதில் சொன்னது.

ஏன் இது வேலை செய்கிறது என்பதைப் பிற்பாடு ஒரு பிசியோ அக்கா எனக்குப் புரியும்படி சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கால் எங்கே இருக்கிறது, எப்படி மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்தத் தகவல் மங்கலாகத்தான் வருகிறது. 'சபாஷ்' என்று நாம் சொல்வதற்குள் கால் வேறு இடத்துக்குப் போய்விடும். எந்த அசைவுக்கு அந்த சபாஷ் என்று பிள்ளைக்குப் பிடிபடாது. மணி அந்த நொடியிலேயே சொல்லிவிடுகிறது.

தொல்லைகளும் வந்தன. கம்பிச் சுருளை அவன் பத்து வினாடி, இருபது வினாடி பிடித்துவைத்ததில் சுருள் சுட்டது, பேட்டரி வாரத்துக்கு நான்கு தீர்ந்தது. வியர்வையில் தகடு துருப்பிடித்தது. எதிர்வீட்டுச் சீன அம்மா இரண்டு தடவை தன் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை எங்கள் வாசலுக்கு வந்து என்ன விஷயம் என்று கேட்டார். காட்டினோம். மறுநாளில் இருந்து அவரும் டாங்குக்குக் காத்திருக்கிறவர்களில் ஒருவர். தங்கச்சிக்குத்தான் கடைசி வரை பழகவில்லை. உண்மையாகவே யாராவது வந்து மணியடித்தால் போக மாட்டாள், இவன் அடித்தால் எழுந்து ஓடுவாள்.

மூன்று மாதம் கழித்து, மணியைப் பையில் போட்டுக்கொண்டு மிதப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேலே சொன்ன பிசியோ அக்காவை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மலாய்க்கார அக்கா, முப்பது வயது இருக்கும். அவன் பத்துத் தடவை டிங் அடித்துக் காட்டினான். அவள் சிரித்தாள், கைதட்டினாள். அப்புறம் என்னைப் பக்கவாட்டில் வந்து உட்காரச் சொன்னாள். "பக்சிக், மணியைக் கேட்காதீங்க. முட்டியைப் பாருங்க" என்றாள் மலாயில்.

பார்த்தேன். குதிகாலை இறக்க அவன் முட்டியைப் பின்பக்கமாக வெடுக்கென்று தள்ளிப் பூட்டிக்கொண்டிருந்தான். கால் பின்னோக்கி வளைந்த வில்லாக நின்றது. கெண்டைத் தசை நீளவில்லை. அதற்குப் பதிலாக மூட்டு பழியைச் சுமந்தது. மூன்று மாதமாக ஒவ்வொரு டிங்குக்கும் நாங்கள் கைதட்டி, அதைத்தான் பழக்கியிருக்கிறோம். எதில் வயரைக் கொடுத்தேனோ அது ஒன்றுதான் மணிக்குத் தெரியும். குதிகாலில் கொடுத்தேன், குதிகாலுக்கு அடித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் பேசவில்லை. அவன் மட்டும் வாயாலேயே டிங் சொல்லிக்கொண்டு வந்தான்.

அவள் சொன்னபடி முட்டிக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டையும் அதில் இரண்டாவது சுவிட்ச்சும் வைத்தேன். முட்டி பின்னால் போனால் மணிக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடும். குதிகாலும் இறங்க வேண்டும், முட்டியும் இளகி இருக்க வேண்டும், அப்போதுதான் டிங். பையன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நன்றாக இருந்த மணியை மாமா கெடுத்துவிட்டார்.

தாய்மாமன் முறைக்கு நான் செய்த இன்னொரு காரியமும் இப்படித்தான் முடிந்தது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் நடைவண்டி பிடித்துத்தானே நடந்தோம், தள்ளத் தள்ளக் கடகடவென்று மரக்கட்டை தட்டுகிற வண்டி, நம் பாட்டன் காலத்து ஒலி விளையாட்டு அதுதானே என்று ஆசாரியிடம் சொல்லி நல்ல மரத்தில் ஒன்று செய்து கொண்டுவந்தேன். பிசியோ அக்கா தடவிப் பார்த்து, அழகாக இருக்கிறது, இவனுக்கு வேண்டாம் என்றாள். முன்னால் தள்ளுகிற வண்டியில் இவன் இடுப்பு மடங்கி முன்னே சாய்வான், பாரம் நுனிக்காலுக்குப் போகும். இவனுக்கு வேண்டியது முதுகுக்குப் பின்னால் வருகிற வண்டி. நடைவண்டி பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போனது. அது கடகடவென்று போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சாயங்காலங்களில் சாய்ந்த மணிக்கூண்டைச் சுற்றி அவனை நடத்துவோம். 1885-ல் லியோங் சூன் சோங் கட்டியது, 25.5 மீட்டர் உயரம். வெளியில் இருந்து பார்த்தால் எட்டு அடுக்கு, உள்ளே மூன்றுதான். ஊருக்குத் தண்ணீர் வைத்த கோபுரம், அந்தத் தண்ணீர்ப் பாரத்தில் இளகிய மண் ஒரு பக்கம் அமுங்கிச் சாய்ந்தது. இவனைப் பார்க்கிறவர்கள் கோபுரத்தைக் காட்டி, சாய்ந்தாலும் நிற்கிறதே என்று ஏதாவது ஆறுதல் சொல்வார்கள். எத்தனை பேர்! அவனுக்கு அது அறவே பிடிக்காது. இன்னும் பிடிக்காது.

இன்னொரு சொல்லும் இருந்தது. கோயிலில் ஒரு கிழவி வாஞ்சையோடுதான், "சப்பாணிப் பிள்ளையா? பாவம்" என்று கன்னத்தைத் தடவினாள். 1977-ல் 16 வயதினிலே படம் வந்ததில் இருந்து எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லோடு ஒரு நடையும் ஒரு முகமும் சேர்ந்தே வரும். தங்கச்சி அதற்கப்புறம் பல வருஷம் திருவிழாவுக்கு வரவில்லை. பையன் இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தபோது ஒருநாள் வந்து சொன்னான்: "மாமா, பிள்ளைத்தமிழ்ல நாலாவது பருவம் சப்பாணி. ஒம்பதாம் மாசம் புள்ள ரெண்டு கையையும் சேர்த்துத் தட்டுறது. முருகனயே சப்பாணி கொட்டச் சொல்லிருக்காங்க." தங்கச்சி அடுப்படியில் இருந்தாள். கேட்டாளா என்று தெரியவில்லை.

மணிதான் அவனை நடக்க வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். 2008-ல், பதினொரு வயதில், குதிகால் தசைநாரை நீட்டுகிற அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு முழங்கை ஊன்றுகோலோடு நடந்தான், வீட்டுக்குள் ஊன்றுகோல் இல்லாமலும் நடந்தான். மணிக்கு உரிய பங்கு மணிக்கு. ஏழெட்டு வருஷம் பயிற்சி நேரத்தில் எங்கள் வீட்டில் அழுகைச் சத்தத்தைக் குறைத்தது அது.

அவன் பதினாலு வயதில், பெரிய தங்கச்சி மகன் கோலாலம்பூரில் இருந்து எக்ஸ்பாக்ஸும் கினெக்ட்டும் கொண்டுவந்தான். கினெக்ட் 2010 நவம்பரில் வந்த கருவி. கையில் எதையும் பிடிக்க வேண்டாம், அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்க வீசி, அது திரும்புகிற விதத்தில் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று அளந்து, உடம்பில் இருபது மூட்டுகளைக் கண்டுபிடித்துவிடும். தலை, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி எல்லாம். கேட்டதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. நான் பிஸ்கட் டின்னில் இரண்டு சுவிட்ச் வைத்ததற்கு இவர்கள் இருபது வைத்திருக்கிறார்கள்!

நடந்தது வேறு. ஊன்றுகோலையும் கையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. திரையில் இவன் உருவத்துக்கு ஒரு கை நீண்டு தரைவரை போனது, முட்டி இருந்த இடத்தில் தோள் வந்தது. படகில் குதிக்கிற விளையாட்டில் இவன் குதிக்கத் தயாராவதற்குள் தடை கடந்து போய்விடும். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு சத்தம். பெரிய தங்கச்சி மகன் குதித்துக் குதித்துப் புள்ளிகளை அள்ளினான். இவன் பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். "இது என்ன மாமா, நான் விழறதுக்கெல்லாம் ஒரு மணி அடிக்குது" என்றான்.

இதே கருவியைப் புனர்வாழ்வுக்காக மாற்றி, வேகத்தைக் குறைத்து, பிள்ளைக்குப் பிள்ளை அளவெடுத்து எழுதிய விளையாட்டுகள் பின்னால் பல நாட்டில் வந்தன. அவை வேறு. கடையில் வாங்குவது ஓடுகிற பிள்ளைக்குத் தைத்த சட்டை. இன்னொரு பக்கம், வீ என்கிற கருவியில் பந்தடிக்கிற விளையாட்டில் நல்ல பிள்ளைகளே சோபாவில் படுத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் சொடுக்கி ஜெயித்ததையும் பார்த்திருக்கிறேன். முட்டியைப் பூட்டிய கதைதான் அங்கேயும்.

ஒருநாள் இணையத்தில் எதையோ தேடியவன் சிரித்துக்கொண்டே வந்தான். குதிகாலில் சுவிட்ச் வைத்து ஒலி கொடுக்கிற கருவியைப் பற்றி 1980-லேயே அமெரிக்காவில் இருந்து கட்டுரை வந்திருக்கிறதாம். 1976-ல் கனடாவில் தலை நிற்காத பிள்ளைகளுக்குத் தொப்பியில் பாதரச சுவிட்ச் வைத்திருக்கிறார்களாம். "உங்களுக்கு இருபது வருஷம் முன்னாடி, மாமா." நான் அடுத்த வாரம் வரை அவனுக்குத் தேநீர் வாங்கிக்கொடுக்கவில்லை.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அவன் வேலை பார்த்த கைப்பேசிக் கடை மூடிக்கிடந்தது, என் கடையை நான் அதற்கு முன்பே மூடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஐந்து வயதுப் பெண் பிள்ளை, வலது பக்கம் முழுக்க பலவீனம். வலது கை மடியிலேயே கிடக்கும், இருப்பதையே மறந்தது போல. பயிற்சி நிலையம் மூடியதால் வாட்ஸ்ஆப்பில் காணொளி அனுப்பினார்கள். முதல் நாள் பார்த்தாள். இரண்டாம் நாள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாம் நாளில் இருந்து சுவர் தாண்டி அந்த அழுகை எங்களுக்குக் கேட்டது. தங்கச்சி எழுந்து போய் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

அவன் ஒரு மைக்ரோபிட் வைத்திருந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மின்னணுப் பலகை, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று அதற்குத் தெரியும். அதைப் பிள்ளைகள் பழகுகிற ஸ்க்ராட்ச் நிரலோடு மடிக்கணினியில் இணைத்தான். இரண்டு கையுறைகள், உள்ளங்கையில் சமையலறை அலுமினியத் தாள், ஒவ்வொன்றிலும் ஒரு வயர். இரண்டு கையும் சேர்ந்தால் சுற்று முழுமையாகும், ஒலி வரும். என் பிஸ்கட் டின் தகடுகளேதான். நான் அதைச் சொல்லவில்லை.

முதல் நாளே பிள்ளை வழி கண்டுபிடித்துவிட்டாள். வலது கையை மடியிலேயே போட்டுவிட்டு இடது கையைக் கொண்டுபோய் அதன்மேல் தட்டினாள். சத்தம் வந்தது. அவளுடைய அம்மா கைதட்டப் போனாள். அவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அக்கா, தட்டாதீங்க, தட்டாதீங்க" என்று கத்தினான். அன்றிரவு பலகையை வலது மணிக்கட்டுக்கு மாற்றினான். வலது கை மடியை விட்டு எழுந்தால்தான் தட்டல் கணக்கில் வரும். நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டேன்: தப்பாகத் தட்டினால் வேறு சத்தம் வைக்கலாமே?

"தப்புக்குச் சத்தம் வேணாம் மாமா. சும்மா இருக்கட்டும்."

என்ன சத்தம் வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டோம். ரொட்டி வண்டி என்றாள். மோட்டார் சைக்கிளில் வருகிற ரொட்டிக்காரர் அமுக்குவாரே, அந்த ஹாரன். அவனே வாயால் பாம் பாம் என்று பதிவு செய்தான்.

மறுநாள் மடிக்கணினியை வேலிச் சுவரில் வைத்தபோது தங்கச்சி திரையை எட்டிப் பார்த்தாள். மேலே கோப்பின் பெயர்: சப்பாணி.

"வேற பேரே கெடைக்கலையா ஒனக்கு?"

"அதுதாம்மா சரியான பேரு."

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து வேலியோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிள்ளை வலது கையைத் தூக்கப் பார்த்தாள். தோள் எழுந்தது, கை எழவில்லை. மறுபடி. முழங்கை மடியை விட்டு இரண்டு அங்குலம் வந்தது, விரல்கள் மூடிக்கிடந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை. இடது கை காற்றில் காத்திருந்தது. வலது கை நடுங்கிக்கொண்டே நடுவுக்கு வந்து சேர்ந்தது.

பாம் பாம்.

எதிர்வீட்டுச் சீன அம்மா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கையில் இரண்டு வெள்ளியோடு கேட்டைத் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் ரொட்டிக்காரரைத் தேடினார்.